எவ்வளவு வரைக்கும் போச்சு?

"அட, எவ்வளவு வரைக்கும் போச்சு?" என்று கேட்டபடி, செத்துப்போன கம்ப்யூட்டர் பிராசஸரை விளக்கடியில் புரட்டுகிறார் வாரன்ட்டி கவுன்ட்டர் அம்மா. குரலில் அத்தனை வியப்பு. எதிரே நிற்கும் வாடிக்கையாளர் சொக்கிப்போகிறார். "அஞ்சரை கிகாஹெர்ட்ஸ் மேடம்! சும்மா பறந்துச்சு!" ஓவர்கிளாக் செய்ததை அவரே ஒப்புக்கொண்டாயிற்று. கம்பெனி குறித்த வேகத்துக்கு மேல் முடுக்கினால் வாரன்ட்டி கிடையாது. நிராகரிப்பு முத்திரை டொக்கென்று விழுகிறது.

சர்வீஸ் சென்டரில் அவருக்கு ஜட்ஜம்மா என்று பெயர். நான் மானிட்டர் பிரிவில், பக்கத்துக் கவுன்ட்டரில் இருக்கிறேன்.

"செத்த சிப்பு வாய் திறக்காது. ஆளுதான் திறக்கணும்" என்பார். "பொய் சொல்றவன் புதுசு வாங்கிட்டுப் போயிடுறான், பெருமை பேசுறவன் மாட்டிக்கிறான். அதுதான் உறுத்துது." உறுத்தினாலும் கேள்வியை மாற்றியதில்லை.

வேகத்தோடு அவருக்குப் பகையில்லை. வீட்டுக் கணினியை, வாரன்ட்டி முடிந்த மறுநாளே முடுக்கத் தொடங்கியவர். முதலில் நல்ல கூலர். பிறகு ஒரு சின்ன ஏற்றம். நாள் முழுக்கக் கடும் வேலை கொடுத்து, சூடு எங்கே நிற்கிறதென்று பார்ப்பார். தாங்கினால்தான் அடுத்தது. "வோல்டேஜ்ல அவசரப்பட்டா, எரியுற தீயில எண்ணெய் ஊத்துன கதைதான்."

போன வாரம் வரிசையில் அவருடைய தம்பி நின்றான். வீடியோ எடிட்டர். மறுநாள் காலை ஒரு விளம்பரப்படத்தை ஒப்படைத்தாக வேண்டும். தவறினால் அந்தக் கம்பெனி இனி அவனை அழைக்காது. பிராசஸர் பாதி வேலையில் உயிரை விட்டிருந்தது.

அக்கா வாங்கிப் புரட்டினார். அந்தக் கேள்வியை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்த குடும்பம் அது. தப்பிக்கும் வழி அவனுக்கு அத்துப்படி.

"எவ்வளவு வரைக்கும் போச்சு?" இந்தத் தடவை குரலில் வியப்பில்லை.

"அஞ்சு புள்ளி ஏழுக்கா. ஒரே தாவா தாவிட்டேன்."

"மக்கு! கேப்பேன்னு தெரியும்ல?"

"தெரியும். நான் பொய் சொன்னா, அந்தப் பொய்க்கு நீதானே கையெழுத்துப் போடணும்?"

நிராகரிப்புச் சீட்டில் முத்திரை விழுந்தது. சற்று நேரம் அதன் மை காய்வதையே பார்த்திருந்தார். பிறகு கைப்பையைத் துழாவி வீட்டுச் சாவியை எடுத்து, அந்தச் சீட்டின் மேல் வைத்துத் தள்ளினார்.

"என் மெஷின்ல உட்கார்ந்து முடி. செட்டிங்ஸ்ல கை வச்சே, கொன்னுடுவேன்."

அவன் தலையாட்டும்வரை சாவியிலிருந்து விரலை எடுக்கவில்லை.