ஹெட்லைட் போடாத ஹோசியா

முதலில் இடது ஹெட்லைட், பிறகு வலது. வாயால் ஊதி, ஆவி படிந்த பிறகு கைக்குட்டையால் வட்டமாகத் துடைப்பார் ஹோசியா. துடைத்து முடித்ததும் குனிந்து அந்தக் கண்ணாடியிலேயே மீசையைச் சரிசெய்துகொள்வார். பொழுது அப்போதுதான் விடிந்திருக்கும். தேவாலய வாசலில் நாங்கள் பெண்கள் ஐந்தாறு பேர் குளிரில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருப்போம். அந்த விளக்குகளை அவர் போடப்போவதில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் துடைத்து முடியும்வரை வண்டிக் கதவு திறக்காது.

ஹோசியா டில்லர்ட் அமரர் ஊர்தி ஓட்டுகிறார். அலபாமாவில் இருக்கும் எங்கள் ஊரில் கறுப்பராகப் பிறந்தவர் எவரும் கடைசியில் அவர் வண்டியில் ஏறித்தான் ஆக வேண்டும். நாங்கள் கொஞ்சம் முன்னதாகவே ஏறிவிட்டோம். பஸ்ஸில் முன்பக்கம் வெள்ளைக்காரருக்கு, பின்பக்கம் எங்களுக்கு. அவர்களுக்கு இடம் போதவில்லை என்றால் எங்கள் இடத்தையும் விட்டு எழுந்து நிற்க வேண்டும். இது மாறும்வரை பஸ்ஸில் கால் வைப்பதில்லை என்று கிறிஸ்துமஸுக்கு முன்னால் தேவாலயத்தில் கையைத் தூக்கிச் சத்தியம் செய்தோம். கார் வைத்திருந்தவர்கள் காரைக் கொடுத்தார்கள். ஹோசியாவின் முதலாளி அமரர் ஊர்தியைக் கொடுத்தார். கூடவே ஹோசியாவையும் கொடுத்துவிட்டார், அவரை ஒரு வார்த்தை கேட்காமல்.

எனக்கு முழங்கால் வலி என்பதால் முன்சீட்டு. மற்றவர்கள் பின்னால், சவப்பெட்டி வைக்கும் இடத்தில். பெட்டி சுலபமாக நகர்வதற்காக அங்கே தரையில் உருளைகள் பதித்திருக்கும். மேலே ஒரு பழைய மெத்தை விரிப்பைப் போட்டிருக்கிறார். அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை. பிரேக் போட்டால் எல்லோரும் ஒரே குடும்பமாக முன்னால் வருவார்கள். கிளப்பினால் பின்னால் போவார்கள். எங்களில் சலவை வேலைக்குப் போகும் ஒடெஸ்ஸா பென்னட் முதல் நாளே சொன்னாள்: "பஸ்ல பின்னாடி உக்கார மாட்டேன்னு இறங்குனேன். இப்போ பொண வண்டில பின்னாடி உருண்டுக்கிட்டுப் போறேன். இதுக்குப் பேரு முன்னேற்றமாம்."

ஏறும்போது ஒவ்வொருவருக்கும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "திருமதி பென்னட், பார்த்து. தலை இடிக்கும்." ஒடெஸ்ஸாவை ஊரில் வேறு யாரும் திருமதி என்று அழைத்ததில்லை. அவள் வேலை செய்யும் வீட்டில் பால் பல் விழாத குழந்தைகூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறது. ஹோசியாவுக்கு இது தொழிலில் வந்த பழக்கம். வண்டியில் ஏறும் யாரையும் இறுதி மரியாதையோடுதான் நடத்தத் தெரியும். எங்களுக்கு அது பிடித்திருந்தது, சில சமயம் தவிர. ஒருமுறை என் தோளில் போர்வையைச் சுற்றிவிட்டு, "இனி குளிரே தெரியாது" என்றார் பாருங்கள், அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

அவர் ஓட்டும் வேகத்தைப் பற்றிச் சொல்லக் கூடாது என்று பார்க்கிறேன், முடியவில்லை. வாழ்நாள் முழுவதும் சவ ஊர்வலம் ஓட்டிய கால் அது. வழியில் நாய்கள் எங்களைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்க்கும். போலீஸார் எங்கள் கார்களுக்கு வேகமாகப் போனாலும் அபராதம், நின்றாலும் அபராதம் என்று சீட்டுக் கிழிக்கிறார்கள். ஹோசியாவின் லைசன்ஸில் அதுவரை ஒரு கீறல் விழுந்திருக்கவில்லை. அது போனால் வேலையும் போகும். வேறு தொழில் தெரியாது. ஆகவே இன்னும் மெதுவாக ஓட்டினார்.

"பிரதர், அந்த லைட்டைத்தான் போடுங்களேன்" என்று ஒடெஸ்ஸா தினமும் பின்னாலிருந்து குரல் கொடுப்பாள். "ஊரே ஒதுங்கி வழி விடும். நேரத்துக்குப் போய்ச் சேருவேன்."

அவள் சொன்னதில் தப்பில்லை. எங்கள் ஊரில் உயிரோடு நடக்கும் கறுப்பருக்கு யாரும் வழி விடுவதில்லை. செத்துப்போய், சவ ஊர்வலத்துக்கென்று பகலிலும் விளக்கெரியும் வண்டியில் போனால் வெள்ளைக்காரர்கூடக் காரை ஓரம் கட்டித் தொப்பியைக் கழற்றுவார்.

"லைட்டு போட்டா என் தொப்பியையும் கழட்டி மடியில வச்சுக்கணும். அது உள்ள இருக்கிறவங்களுக்குச் செய்ற மரியாதை, சிஸ்டர்" என்பார் ஹோசியா. "அதுக்கு நீங்க மொதல்ல சாகணும்."

"உங்க வண்டில போறதே பாதி செத்த மாதிரிதான்."

"பாதிக்கெல்லாம் போட முடியாது."

விளக்கில்லாத வண்டிக்கு யாரும் ஒதுங்கவில்லை, ஒரே ஒரு ஆளைத் தவிர. நீதிமன்ற முனையில் நிற்கும் போலீஸ்காரர் ரென்ஃப்ரோ. கண்டிப்பான தாய் வளர்த்த பிள்ளை போலிருக்கிறது. கறுப்பு வண்டியைப் பார்த்ததும் கை தானாக மேலே போய்விடும். விளக்கு எரிகிறதா என்றெல்லாம் பார்ப்பதில்லை. தொப்பி நெஞ்சில், கண் தரையில். வண்டி ஜன்னலின் சாம்பல் நிறத் திரைக்குப் பின்னால் என் தோழிகள் வாயில் துணியைத் திணித்துக்கொண்டு சிரிப்பார்கள். அவர்களைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரர் தொப்பி கழற்றியது அதுவரை நடந்ததே இல்லை. ஹோசியா மட்டும் சிரிக்க மாட்டார். பதிலுக்குத் தலையைச் சற்றே அசைப்பார், துக்க வீட்டில் செய்வதுபோல.

சென்ற வாரம் அது கெட்டது. ஒடெஸ்ஸாவின் எஜமானி, இனியும் தாமதமாக வந்தால் வராதே என்று சொல்லிவிட்டாளாம். "ஒரே ஒரு நாள் கொஞ்சம் அழுத்துங்க பிரதர்" என்று கெஞ்சினாள். ஹோசியா யோசித்தார். நீதிமன்ற முனையில், ரென்ஃப்ரோ தொப்பியை நெஞ்சில் வைத்துத் தலைகுனிந்து நின்ற சமயம் பார்த்து அழுத்தினார். வண்டி துள்ளியது. உருளைகள் தங்கள் வேலையைச் செய்தன. பின்கதவு திறந்துகொள்ள, ஒடெஸ்ஸா கால் முன்னே நீட்டியபடி வழுக்கி வெளியே வந்து, மடியில் சாப்பாட்டுத் தூக்கோடு சாலையில் உட்கார்ந்தாள், சரியாக அந்த மனிதரின் பூட்ஸுக்கு முன்னால்.

"குட் மார்னிங் சார்" என்றாள்.

ரென்ஃப்ரோ போட்ட சத்தத்தை எழுத்தில் கொண்டுவர என்னால் ஆகாது. விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றவர், விஷயம் புரிந்ததும் சிவந்துபோனார்.

"டேய் ஹோசியா, துணி தொவைக்கிறவளுக்கா என்னைத் தினமும் தொப்பி கழட்ட வச்ச?"

ஹோசியா இறங்கிவந்து, ஒடெஸ்ஸாவைத் தூக்கி நிறுத்தி, அவள் கோட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார். "நான் லைட்டு போடலைங்க சார்" என்றார். "நீங்களாத்தான் கழட்டினீங்க."

உண்மைதான். உண்மை சொன்னால் எங்கள் ஊரில் கூடுதலாகக் கோபம் வரும். கதவைச் சரியாகச் சாத்தாத குற்றத்துக்கு ரென்ஃப்ரோ ஒரு சீட்டுக் கிழித்தார். "இன்னும் ஒண்ணு விழுந்தா லைசன்ஸ் என் பாக்கெட்டுக்கு வந்துடும். தெரிஞ்சுக்கோ. தொப்பி கழட்டறது செத்தவங்களுக்கு. இவளுங்களுக்கு இல்ல."

அந்தச் சீட்டை ஹோசியா வாங்கிய விதம் எனக்குத் தாங்கவில்லை. தன் வீட்டுச் சவத்தையே யாரோ கையில் கொடுத்ததுபோல இரண்டு கையாலும் வாங்கினார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, முன்னைவிட மெதுவாக ஓட்டினார்.

மறுநாள் வரமாட்டார் என்று நினைத்து நடப்பதற்குத் தோதான பழைய செருப்போடு வந்தோம். வண்டி நின்றுகொண்டிருந்தது. பின்கதவைக் கயிற்றால் கட்டியிருந்தார். இடது விளக்கை ஊதித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"லேட்டானா ஆகட்டும் பிரதர், நீங்க மெதுவாவே போங்க" என்றாள் ஒடெஸ்ஸா, ஏறும்போது.

நீதிமன்ற முனையில் ரென்ஃப்ரோ தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டி நின்றிருந்தார். சட்டைப் பையில் சீட்டுப் புத்தகம் தெரிந்தது. எங்கள் வேகத்தில் அந்த முனை வந்து சேர நேரமாகும் என்பதால் எனக்கு ஜெபிக்க அவகாசம் கிடைத்தது. பாதி ஜெபத்தில் ஹோசியா வண்டியை நிறுத்தினார்.

"திருமதி பென்னட்" என்றார், திரும்பாமல். "எல்லாரும் சரியா உக்காந்திருக்கீங்களா?"

"உக்காந்திருக்கோம். ஏன், என்ன ஆச்சு?"

ஹோசியா கையை நீட்டி ஹெட்லைட்டைப் போட்டார். பிறகு தன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வண்டியைக் கிளப்பினார்.