நாலாம் நம்பர் சாவி

என் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு பித்தளைச் சாவி தொங்குகிறது. அதோடு கோத்திருக்கும் தகர வில்லையில் 4 என்று வெட்டியிருக்கும். எந்தப் பூட்டையும் அது திறக்காது. என் மருமகள் இரண்டு தடவை அதைப் பழைய சாமான்காரருக்குப் போட எடுத்து வைத்தாள். இரண்டு தடவையும் நான் சண்டை போட்டு மீட்டேன். என் வாழ்க்கையில் முதன்முதலாக என் கைக்கு வந்த சாவி அதுதான். அப்போது எனக்குப் பதினேழு வயது.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு ஜூன் மாதம், இலங்கையின் தலைமன்னாரில் கப்பல் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, ரயில் மாறி, கொடைக்கானல் ரோடு நிலையத்தில் பஸ் பிடித்து, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டு செண்பகனூர் வந்து சேர்ந்தேன். அங்கே ஆசிரியைப் பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. இரண்டு வருஷம் படித்துத் திரும்பினால் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே வேலை என்று பேச்சு. அந்த விடுதியில் பாஸ்போர்ட்டோடு படிக்க வந்தவள் நான் ஒருத்திதான். அந்தப் பெருமை எனக்குத் தலைகொள்ளாமல் இருந்தது. நான் தேநீரைத் 'தேத்தண்ணி' என்று கேட்டபோது சாப்பாட்டுக் கூடமே சிரித்தது; அதைக்கூட எனக்குக் கிடைத்த மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன்.

வார்டன் அம்மா என்னை ஓர் அறைக்கு அழைத்துப்போய்க் கதவைத் திறந்துவிட்டார். என் காலால் அளந்தேன்: நீளம் பத்தடி, அகலம் எட்டடி. இரண்டு இரும்புக் கட்டில்கள். நடுவில் ஒருத்தி தலை சீவினால் மற்றவள் கட்டில்மேல் ஏறி உட்கார வேண்டும். ஒரு ஜன்னல். அதற்கு வெளியே பேரிக்காய் மரம், அதற்குக் கீழே பஸ் போகும் சாலை. மூடுபனி கேட்காமல் உள்ளே வந்து கம்பளியை நனைத்துவிட்டுப் போகும். எனக்கோ அது அரண்மனை. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் எட்டுப் பேர் ஓர் அறையில் படுத்தவர்கள் நாங்கள். துணைக்கு ஆள் வருமுன் இரண்டு இரவுகள் தனியாக இருந்தேன். முதல் இரவு ஜன்னல் பக்கக் கட்டிலில், இரண்டாம் இரவு சுவர்ப் பக்கக் கட்டிலில் படுத்துப் பார்த்துவிட்டு, ஜன்னலே எனக்கு என்று முடிவு செய்தேன். அலமாரித் தட்டுக்குப் பழைய செய்தித்தாளைப் பல் பல்லாக வெட்டி விரித்தேன். கிடைத்த இடத்திலெல்லாம் ஆணி அடித்தேன்.

மூன்றாம் நாள் பழனியிலிருந்து அக்கா வந்தாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், அதனால் அக்கா. ஒரு தகரப் பெட்டி, கயிற்றால் கட்டிய படுக்கை. பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள், அவ்வளவுதான். சீப்பை எடுப்பாள், சீவுவாள், திரும்பவும் பெட்டியில் வைத்துப் பூட்டுவாள். காலையில் எழுந்ததும் படுக்கையைச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டிவிடுவாள். பாதி அலமாரி அவளுக்காகக் காலியாகவே கிடந்தது. இவள் என்ன ரயிலுக்கா காத்திருக்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டே விட்டேன்.

"பழகிப்போச்சு புள்ள," என்றாள். "எங்க வீட்ல ரூமெல்லாம் சாமி கும்பிட வர்றவங்களுக்குத்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்தா நான் படுத்த எடத்துல ஒரு கோயமுத்தூர்க் குடும்பம் உக்காந்திருக்கும். என் பொட்டி அடுப்படியில கெடக்கும்."

அவள் அப்பா அடிவாரத்தில் பக்தர்களுக்கு அறை விடுகிறவர். வீட்டில் எட்டு அறைகள். கிருத்திகை, பூசம், உத்திரம் என்றால் எட்டும் நிறைந்து குடும்பம் மொட்டைமாடிக்கு ஏறிவிடும். அம்மா இல்லாத வீடு. அக்காதான் அறைகளைப் பெருக்கித் துடைத்து அடுத்தவர்களுக்குத் தயார் செய்கிறவள். படிக்க வேண்டும் என்று அழுது புரண்டு வந்திருக்கிறாள். "ஆடிக் கிருத்திகை வரைக்கும் இருந்து பாரு. அதுக்கு முந்தி நான் வருவேன். எனக்குச் சரின்னு பட்டா இரு, இல்லன்னா கெளம்பிரணும்" என்று சொல்லித்தான் அப்பா அனுப்பியிருக்கிறார். அவள் ஏன் பெட்டியைப் பிரிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கூடவே எனக்கும் கவலை பிடித்துக்கொண்டது. அறையில் ஒருத்தி போய்விட்டால் மற்றவளை முப்பது கட்டில் போட்ட பெரிய கூடத்துக்கு மாற்றிவிடுவார்கள். அதைவிட, அதற்குள் எனக்கு அவளைப் பிடித்துப்போயிருந்தது. பனிக் குளிரில் இரண்டு கட்டிலையும் ஒட்டிப் போட்டு, இரண்டு கம்பளியையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு பாடம் படிக்கத் தொடங்கியிருந்தோம்.

கிருத்திகைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவர் வருவதாகக் கடிதம் வந்தது. நாங்கள் வெள்ளனே எழுந்தோம். அறையைப் பார்த்து அவர் அசந்துபோக வேண்டும் என்பது எங்கள் திட்டம். சோப்புத் தூள் போட்டுத் தரையைத் தேய்த்தோம். ஜன்னல் கண்ணாடியைக் காகிதத்தால் துடைத்தோம். ஆணிகளில் தொங்கிய என் தாவணிகள், சுவரில் ஒட்டிய காலண்டர் படம் எல்லாவற்றையும் எடுத்துப் பெட்டிக்குள் திணித்தோம். படுக்கைகளைச் சுருட்டிக் கட்டிக் கட்டில் தலைமாட்டில் நிறுத்தினோம். ஒரு தூசி இல்லை. "அப்பாவுக்கு இப்பிடி இருந்தாத்தான் புடிக்கும்," என்று அக்கா கன்னம் சிவக்கச் சிரித்தாள்.

ஆண்கள் உள்ளே வரக் கூடாத விடுதி. ஐந்து நிமிஷம் என்று கண்டிப்பாகச் சொல்லி வார்டன் அம்மா அவரை அழைத்து வந்து, தானும் வாசலில் நின்றுகொண்டார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, தோளில் மஞ்சள் பை. அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். முகம் வாடியது.

"கெளம்பிட்டியாத்தா?" என்றார். "சரி. வெரசா வா, மூணு மணி பஸ்ஸப் புடிச்சிரலாம்."

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. "இல்லைங்க ஐயா, அக்கா எங்கயும் போகல்ல..." என்று நான் உளறினேன்.

"அட என்ன பாப்பா நீ! படுக்கையக் கட்டி, தரையத் தொடச்சு, ஆணியெல்லாம் மொட்டையா வச்சிருக்கீங்க. காலி பண்ற ரூமு எனக்குத் தெரியாதா? முப்பது வருசமாப் பாக்குறேன்." பையிலிருந்து புதுக் கயிறு ஒன்றை எடுத்தார். பெட்டியைக் கட்டத்தான்.

அக்கா அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி அறியாதவள். அன்றும் பேசவில்லை. குனிந்து பெட்டியை இழுத்தாள், திறந்தாள். முதலில் படுக்கையை அவிழ்த்து விரித்தாள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்தாள். சீப்பும் கண்ணாடியும் ஜன்னல் கட்டைக்குப் போயின. முருகன் படம் ஓர் ஆணிக்கு, நான்கு சேலைகள் மற்ற ஆணிகளுக்கு. புத்தகங்கள் அவள் பாதி அலமாரிக்கு. அடியிலிருந்து ஒரு டப்பா பஞ்சாமிர்தம் வந்தது. ஏழு வாரமாகத் திறக்காமல் அவள் வைத்திருந்ததை எறும்பு எனக்கு முன்னால் கண்டுபிடித்திருந்தது. நானும் சும்மா நிற்க முடியாமல் என் தாவணிகளை எடுத்துத் தொங்கவிட்டேன். ஐந்து நிமிஷம் எப்போதோ ஆகியிருந்தது. வார்டன் அம்மா கடிகாரத்தைப் பார்க்காமல் வாசலிலேயே நின்றார்.

அவர் கயிற்றைப் பிடித்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். தன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறவர்களிடம் கேட்கிற அதே கேள்வியை, அதே குரலில் மகளிடம் கேட்டார்.

"எத்தன நாளைக்கு?"

"ரெண்டு வருசம்ப்பா."

"சரி," என்றார்.

அதற்குப் பிறகு அவர் சுறுசுறுப்பைப் பார்க்க வேண்டுமே! கட்டில் கால்களை ஆட்டிப் பார்த்தார். தாழ்ப்பாள் சரியில்லை என்று வார்டன் அம்மாவையே கடிந்துகொண்டார். கொண்டுவந்த கயிற்றை ஜன்னலுக்கும் கதவுக்கும் குறுக்கே இழுத்து, துணி காயப்போட வாகாகக் கட்டிக் கொடுத்தார். கடைசியில் அதே பையிலிருந்து ஒரு பூட்டை எடுத்தார். அவர் வீட்டு நாலாம் நம்பர் அறைப் பூட்டு. இரண்டு சாவிகள், ஒன்றை மகளிடம் கொடுத்தார், மற்றதை என் உள்ளங்கையில் வைத்தார்.

"அப்ப கிருத்திகைக்கு யாருப்பா?" என்று அக்கா கேட்டாள்.

"அந்தச் சோலிய நான் பாத்துக்கிறேன். நீ படி."

அவர் பஸ் ஏறிய பிறகு நாங்கள் கட்டிலில் ஏறிக் குதித்ததில் பக்கத்து அறைக்காரி சுவரைத் தட்டினாள். கயிறும் பூட்டும் ஒரே பையில் வந்திருக்கின்றன. எதை எடுப்பது என்று மலையேறும்வரை அவருக்கே தெரிந்திருக்காது.

படிப்பு முடிந்து நான் கடல் தாண்டித் திரும்பினேன். ஆறு வருஷம் கழித்து, இது உங்கள் நாடில்லை என்று எங்களை அனுப்பிவிட்டார்கள். குடும்பத்தோடு பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்கே போவது என்று நின்றபோது, எனக்குத் தெரிந்த ஒரே இந்தியா இந்த மலைதான். இங்கேயே வந்துவிட்டோம். அந்த விடுதியை இடித்துவிட்டார்கள். பூட்டு என்ன ஆயிற்றோ தெரியாது.

அக்கா பழனியில் தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றாள். வருஷத்துக்கு ஒரு தடவை என் வீட்டுக்கு வருவாள். செருப்பைக் கழற்றியதும் பையைத் திறந்து சேலைகளை என் ஆணிகளில் தொங்கவிட்டுவிட்டுத்தான் தண்ணீரே குடிப்பாள். நான் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "எத்தன நாளைக்கு?" என்று கேட்பேன். நான்கு நாளில் போய்விடப் போகிறவள், "ரெண்டு வருசம்" என்பாள்.

வருகிற ஞாயிறு வருகிறாள். மகன் வீட்டில் அவளுடைய அறையைப் பேரனுக்குக் கொடுத்துவிட்டார்களாம். பெட்டி இப்போது கூடத்தில் கெடக்குதாம். தொலைபேசியில் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இன்று காலை ஆளை வைத்துப் பின்னறைக்கு வெள்ளையடித்தேன். ஜன்னல் பக்கமாகக் கட்டிலைப் போட்டு, சுவரில் நான்கு ஆணிகள் அடித்திருக்கிறேன். கேள்வியையும் கேட்கத்தான் போகிறேன். இந்தத் தடவை அவள் சொல்கிற பதிலை நான் அப்படியே எடுத்துக்கொள்வேன்.