தனலட்சுமிக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு

1. உட்காராத கஸ்டமர்

அன்று காலை ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன். அதற்குள் ஒரு பெண் குனிந்து உள்ளே வந்துவிட்டார். காலில் மைன்ஸ் சேஃப்டி ஷூ. நைட் ஷிப்ட் முடிந்து குவார்ட்டர்ஸுக்குப் போனவர், உடைகூட மாற்றாமல் சிபியுவைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் வந்திருந்தார். அதை டேபிளில் வைத்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அக்கா, இதுல கிராபிக்ஸ் கார்டு மாத்தணும். இன்னைக்கே முடியுமா?"

நெய்வேலி ஆர்ச் கேட் பக்கத்தில் நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்த ஆரம்பித்துப் பல வருஷம் ஆகிவிட்டது. கார்டு மாற்றணும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் காலேஜ் பிள்ளைகள். பின்னால் அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பார். பையனுக்கா என்று கேட்டேன். "எனக்குதாங்க்கா" என்றார்.

பெயர் தனலட்சுமி. சொந்த ஊர் காடாம்புலியூர். கணவர் மைன்ஸில் பெர்மனென்ட். அவர் சர்வீஸில் இருக்கும்போதே இறந்துபோனதால் வாரிசு வேலை இவருக்குக் கிடைத்தது. கன்வேயர் கன்ட்ரோல் ரூமில் இருக்கிறார். நிலக்கரியைத் தூக்கிப் போகிற பெல்ட் எல்லாம் ஸ்கிரீனில் ஓடும். எது நிற்கிறது, எது சூடாகிறது என்று ஷிப்ட் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மகள் படிப்புக்காக வாங்கிய கம்ப்யூட்டர் இது. மகள் லேப்டாப்போடு கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போன பிறகு இவர் கேம் ஆட ஆரம்பித்தார். அணிக்கு ஐந்து பேர் வைத்து ஆடும் துப்பாக்கிச் சண்டை கேம். அணியில் மற்ற நால்வரும் வேறு வேறு ஊர். யாரையும் நேரில் பார்த்ததில்லை.

அந்த அணி ஒரு போட்டியில் தகுதிச் சுற்று வரை வந்திருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆட்டம். கடைக்கு வருவதற்கு முந்தின நாள் பிராக்டீஸில் எதிராளி ஸ்மோக், அதாவது புகைக்குண்டு, வீசியதும் இவர் ஸ்கிரீன் திக்கித் திக்கி நின்றுவிட்டது. மறுபடி நகர்ந்தபோது கேமில் இவர் ஆள் செத்துக் கிடந்தான். இது முதல் தடவை இல்லை. கேப்டன் சேலத்துக்காரர், ஒரு வங்கியில் வேலை பார்க்கிறவர். மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறார்: சிஸ்டம் சரியானால் நீங்கள் ஆடுங்கள், இல்லாவிட்டால் மாற்று ஆளை இறக்க வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் சொல்லும்போது அவர் கடைக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தார். அந்தப் பதற்றம் எனக்கும் தொற்றிக்கொண்டது. ஆனாலும் அன்றைக்கே கார்டை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டேன். ஸ்கிரீன் திக்குவதற்குக் காரணம் கார்டாக இருக்கலாம், ப்ராசஸராக இருக்கலாம், ரேம், ஹார்ட் டிஸ்க், வெறும் சூடாகக்கூட இருக்கலாம். எது என்று தெரியாமல் கார்டை மாற்றினால், மாற்றிய பிறகும் திக்கும்.

2. குவார்ட்டர்ஸில் பார்த்தது

சிபியுவைத் திறந்தேன். நெய்வேலியில் எந்தக் கேபினட்டைத் திறந்தாலும் அதே பழுப்புத் தூசிதான், மாவு மாதிரி. கார்டின் ஃபேன் இறக்கைகளில் அப்பிக் கெட்டியாகியிருந்தது. புளோயர் போட்டு ஊதி, சூட்டை இழுக்கும் ஹீட் சிங்க்கைக் கழற்றிப் பழைய பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிது தடவினேன். சாயங்காலம் நானே அவர் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுபோனேன். வாடிக்கையாளர் ஆடும் இடத்தில், அவர் மானிட்டரில், அவர் கேமில் பார்க்காமல் நான் எந்தக் கார்டையும் சிபாரிசு செய்வதில்லை.

கூடத்து ஓரத்தில் டேபிள். மேலே கணவரின் போட்டோ. அவரை ஆடச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றேன். ஸ்கிரீன் மூலையில் கார்டு எவ்வளவு வேலை செய்கிறது, ப்ராசஸர் எவ்வளவு செய்கிறது என்று காட்டும் மீட்டரை ஓடவிட்டிருந்தேன்.

சுத்தம் செய்ததில் சூடு நன்றாகக் குறைந்திருந்தது. சாதாரண இடங்களில் படம் வழுக்கிக்கொண்டு போனது. அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. அப்புறம் ஸ்மோக் வந்தது. மறுபடி திக்கியது. மீட்டரைப் பார்த்தேன். கார்டு முழு மூச்சில் ஓடிக்கொண்டிருந்தது, ப்ராசஸர் பாதி வேலைகூடச் செய்யவில்லை. கேமின் செட்டிங்ஸ் எல்லாம் ஏற்கெனவே அடிமட்டத்தில் இருந்தன. ரெசல்யூஷனைக் குறைத்துப் பார்த்தோம். திக்கல் நின்றது. ஆனால் தூரத்தில் நிற்கிற எதிராளி வெறும் புள்ளியாகிவிட்டான். அதை வைத்து ஆட முடியாது.

ஆக, மாற்றத்தான் வேண்டும். குறை கார்டில்தான். அதை நான் சொன்னதும் அவர் மவுஸை விட்டுவிட்டு நகத்தைக் கடிக்க ஆரம்பித்தார். காலையிலிருந்து அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தார், இப்போது என்ன யோசனை என்று கேட்டேன்.

மகள் திட்டுகிறாளாம். இந்த வயசில் இதுக்குப் போய் செலவா என்று. அதோடு ஆபீஸில் தெரிந்தால் சிரிப்பார்கள்.

அப்புறம் அவரே சொன்னார்.

"ஆபீஸ்ல இன்னமும் என் வேலைய 'அவரு வேலை'ன்னுதாங்க்கா சொல்றாங்க. நான் நல்லா பாத்தாலும் அவரு புண்ணியம், தப்பு பண்ணா பாவம் விட்டுடுங்கங்கிறாங்க. இந்த டீம்ல யாருக்கும் அவர தெரியாது. நான் அடிச்சா நான் அடிச்சது."

கார்டு பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

3. மைனிங் கார்டு

மறுநாள் நான் டீலரிடம் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே தனலட்சுமி சிபியுவோடு கடைக்கு வந்தார். கூட அவர் கொழுந்தன் சேகர். வடக்குத்தில் சொந்த வீடு, மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. கையில் துண்டு சுற்றிய பொட்டலம். பிரித்தால் ஒரு பெரிய கார்டு. மூன்று ஃபேன், முழங்கை நீளம். அண்ணிக்குக் கார்டு வேண்டும் என்று கேள்விப்பட்டு, ஆன்லைனில் செகண்ட் ஹேண்டில் பார்த்து, லீவு போட்டுச் சென்னைக்கே போய் வாங்கிவந்திருக்கிறார். புதிதாக வாங்கினால் அந்த ரகம் எங்களுக்கெல்லாம் எட்டாது.

"பெருசாவே வாங்கிகினு வந்துட்டேங்க. நாளைக்கு இன்னொரு கேம் வந்தாலும் தாங்கணும் இல்ல?" என்றார்.

திருப்பிப் பார்த்தேன். ஃபேன்கள் தளர்ந்திருந்தன. பின்பக்கப் பலகை சூட்டில் நிறம் மாறியிருந்தது. ஸ்குரூவெல்லாம் ஒரு தடவை கழற்றி மாட்டியது. இந்த மாதிரிக் கார்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இது மைனிங்கில் ஓடின கார்டு என்றேன்.

சேகர் நிமிர்ந்தார். "எந்த மைன்ஸ்ல?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனலட்சுமியும் சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். நம்ம மைன்ஸ் இல்லை தம்பி, கிரிப்டோ காசு உண்டாக்குவதற்காக இந்தக் கார்டுகளை வரிசையாக மாட்டி ராப்பகலாக நிறுத்தாமல் ஓட்டுவார்கள், அதற்கும் மைனிங் என்றுதான் பெயர் என்று விளக்கினேன். அப்படி ஓடிய கார்டு எல்லாமே வீண் என்று சொல்ல மாட்டேன். சிலது நன்றாகவே ஓடும். எது என்பதை மாட்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மாட்டவே முடியவில்லை. கேபினட்டில் ஹார்ட் டிஸ்க் கூடு இடித்தது. கேபினட்டைத் திறந்தபடியே வைத்து மாட்டினேன். அடுத்தது பவர் சப்ளை. அந்தக் கார்டுக்குத் தனியாக இரண்டு பவர் கேபிள் தேவை. சிபியுவில் இருந்த பவர் சப்ளையில் ஒன்றுகூட இல்லை. லேபிளில் பெரிய வாட்ஸ் போட்டிருந்தது, கையில் எடுத்தால் காலி டப்பா மாதிரி எடை. அதை நம்ப முடியாது என்று கடையில் இருந்த நல்ல பவர் சப்ளையை வெளியே வைத்துக் கொடுத்தேன். டெஸ்ட் ஓடியது. ஃபேன்கள் மூன்றும் வேகமெடுத்துச் சுற்றின. கொஞ்ச நேரத்தில் ஸ்கிரீனில் வண்ண வண்ணமாகப் புள்ளிகள், அப்புறம் கருப்பு. மறுபடி போட்டேன். மறுபடி கருப்பு.

சேகர் முகம் செத்துப்போயிற்று. என் வியாபாரத்துக்காக இல்லாத குறையைச் சொல்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, வெளியே போய் பைக் மேல் உட்கார்ந்துகொண்டார். விற்றவனுக்கு போன் அடித்துப் பார்த்தார், அவன் எடுக்கவில்லை.

தனலட்சுமி அவரைப் பார்த்தார், கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இதையே ரிப்பேர் பண்ணிப் போட முடியாதா, தம்பி மனசு கஷ்டப்படும் என்றார். ஆட்டத்துக்கு இன்னும் சில நாள்தான். எனக்கு உள்ளுக்குள் எரிச்சல் மூண்டது. போட்டால் புது கேபினட், புது பவர் சப்ளை எல்லாம் வாங்க வேண்டும், அதற்கப்புறமும் ஆட்டத்தின் நடுவில் கருப்பாகாது என்று என்னால் சொல்ல முடியாது என்றேன்.

"உங்க வூட்டு கம்ப்யூட்டரா இருந்தா என்னாக்கா பண்ணுவீங்க?"

நேரான கேள்வி. நேராகவே சொன்னேன். உங்கள் மானிட்டர் சாதாரண ஃபுல் எச்டி. ஆடுவது இந்த ஒரு கேம். உங்கள் ப்ராசஸரும் பழசு, ராட்சசக் கார்டைப் போட்டால் அதற்கு ஈடு கொடுக்காது. நடுத்தரத்தில் புதுக் கார்டு ஒன்று, இரண்டு ஃபேன் உள்ளது, வாரண்டியோடு. கூடவே நல்ல பவர் சப்ளை. கேபினட் இதுவே போதும். பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்க மாட்டேன்.

அவர் வெளியே போய் சேகரிடம் ரொம்ப நேரம் பேசினார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. இரண்டு பேருமாக உள்ளே வந்தார்கள். சேகர்தான் ஆர்டர் போடச் சொன்னார்.

4. ஞாயிற்றுக்கிழமை

கடலூரிலிருந்து வர வேண்டிய பார்சல் வெள்ளிக்கிழமை வரவில்லை. நான் கடையில் ஒரு இடத்தில் உட்காரவில்லை. லாரிக்காரனுக்கு எத்தனை தடவை போன் செய்தேன் என்று கணக்கில்லை. இதற்கிடையில் தனலட்சுமிக்கு ஞாயிறு மதியம் தொடங்குகிற செகண்ட் ஷிப்ட் போட்டுவிட்டார்கள். யாரோ லீவாம். கூட வேலை செய்கிறவரிடம் ஷிப்ட் மாற்றிக்கொள்ள அலைந்திருக்கிறார். எதற்கு என்று அவர் கேட்க, கேம் ஆடணும் என்று உண்மையையே சொல்லிவிட்டாராம். அந்த ஆள் சிரித்தாராம், ஆனால் மாற்றிக் கொடுத்தாராம்.

பார்சல் சனிக்கிழமை சாயங்காலம்தான் வந்தது. கையோடு குவார்ட்டர்ஸுக்கு ஓடினேன். பவர் சப்ளை மாட்டினேன், கார்டு அழகாக உட்கார்ந்தது. ஆன் செய்தால் ஸ்கிரீன் மினுக்கு மினுக்கென்று வெட்டியது. தனலட்சுமி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் இது சேகர் கொண்டுவந்த கார்டில் பார்த்தது மாதிரி இல்லை, வேறு மினுக்கல். பழைய கார்டை இயக்குகிற சாஃப்ட்வேர், டிரைவர் என்போம், இன்னும் உள்ளே கிடந்தது. சேஃப் மோடில் போய் அதை அடியோடு நீக்கி, புது டிரைவரைப் போட்டேன். நின்றது. ஸ்மோக் வீசிப் பார்த்தார், வீசிக்கொண்டே இருந்தார். படம் தண்ணீர் மாதிரி ஓடியது.

ஞாயிறு மதியம் நான் போயிருக்கவே வேண்டாம். வீட்டில் இருப்புக் கொள்ளாமல் போனேன். சேகரும் வந்திருந்தார். ஹெட்போன் மாட்டியபடி தனலட்சுமி ஆடினார், நாங்கள் இருவரும் பின்னால் நின்றோம். கேம் எனக்குப் புரியாது. நான் பார்த்தது மூலையில் இருந்த மீட்டரை மட்டும்தான். அதில் கார்டு ஒரு தடவைகூட முழு மூச்சுக்குப் போகவில்லை.

ஆட்டம் கடைசிச் சுற்று வரை இழுத்தது. அணியில் இவர் ஒருவர் மட்டும் மிச்சம், எதிரில் ஒருவன். ஸ்மோக்குக்குள் இவர் இடப்பக்கம் திரும்பினார். அவன் வலப்பக்கம் இருந்தான். அவ்வளவுதான்.

சேகர் "அய்யய்யோ" என்று மெதுவாகச் சொன்னார். ஹெட்போனில் கேப்டன் ஏதோ கேட்டிருக்க வேண்டும். சிஸ்டம் நின்றுவிட்டதா என்றுதான் கேட்டிருப்பார்.

"இல்ல ப்ரோ, சிஸ்டம் சூப்பரா இருந்துச்சு. நான்தான் தப்பா திரும்பிட்டேன்" என்றார் தனலட்சுமி.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். அழுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் இருந்தது வேறு. செவ்வாய்க்கிழமை பிராக்டீஸ் இருக்கிறதாம், மாற்று ஆள் பேச்சை யாரும் எடுக்கவில்லையாம். டீ போடட்டுமா என்று கேட்டுக்கொண்டே அடுப்படிக்குப் போனார்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் எந்தக் கார்டு நல்ல கார்டு என்று கேட்பார்கள். முதலில் மீட்டரைப் பாருங்கள், பவர் சப்ளையைக் கையில் தூக்கிப் பாருங்கள், கேபினட்டை அளந்து பாருங்கள் என்பேன். அதெல்லாம் யாரும் கற்றுக்கொள்ளலாம். அதற்கு மேல் ஒன்று எனக்குத் தனலட்சுமி வீட்டில்தான் விளங்கியது. நம் வேலை ஒருத்தரை ஜெயிக்க வைப்பது இல்லை. தோற்றாலும் அது அவருடைய தோல்வியாகவே இருக்கும்படி மெஷினை நடுவிலிருந்து விலக்கி வைப்பதுதான்.