ஒரே கட்சி, மூன்று கோஷ்டி, ஒரு பிக்கப்

இரண்டாயிரத்து நாலில் நான் ராஸ் அல் கைமாவில் ஒரு சிமென்ட் ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். புதிதாகக் கல் அரைக்கும் மில் ஒன்று போட்டார்கள். அதை ஓட்டிக் காட்ட அமெரிக்காவிலிருந்து மூன்று இன்ஜினியர்கள் வந்தார்கள். என்னிடம் லைசென்ஸ் இருந்ததால், வேலையோடு வேலையாக அவர்களை வில்லாவிலிருந்து ஆலைக்குப் பிக்கப்பில் கூட்டி வருவதும் என் தலையில் விழுந்தது.

மூவருக்கும் கேம்பில் பட்டப்பெயர் வைத்துவிட்டோம். மெக்கானிக்கல்காரர் டெக்ஸாஸ் பக்கம். தண்ணீர் குடிக்கக்கூடக் கண்ணை மூடி ஜெபித்துவிட்டுத்தான் குடிப்பார். அவர் பாஸ்டர். ஆலையின் அரவை விஷயங்களைப் பார்த்த வயதானவர் கத்தோலிக்கர், ஏழு பிள்ளைகள் பெற்றவர். அவர் ஃபாதர். எலக்ட்ரிக்கல்காரருக்குச் சாமியும் இல்லை, சாத்தானும் இல்லை. அரசாங்கம் வரி வாங்குவது திருட்டு என்பது மட்டும்தான் அவர் வேதம். அமீரகத்தில் சம்பளத்துக்கு வரி கிடையாது என்று தெரிந்த நாளிலிருந்து இந்த நாட்டைச் சொர்க்கம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு வரி என்றே பெயர்.

அந்த வருஷம் அமெரிக்காவில் அதிபர் தேர்தல். மூன்று பேரும் ஒரே கட்சி, ஒரே ஆளுக்கு ஓட்டு. தபாலில் அனுப்பியாயிற்று என்றார்கள். என் ரூம்காரர் புதுக்கோட்டைப் பக்கத்து வெல்டர், ஊரில் கட்சியில் ஊறியவர். அவரிடம், "நல்ல வேளை அண்ணே, மூணு பேரும் ஒரே கட்சி. வண்டியில சண்டை இருக்காது" என்றேன்.

அவர் சிரித்தார். "வேற வேற கட்சின்னா பேசாம உக்காந்து வருவாங்க தம்பி. ஒரே கட்சியில கோஷ்டின்னா வேட்டியைக் கிழிக்காம விடமாட்டாங்க."

ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. செப்டம்பர் வெயில். பாஸ்டர் முன் ஸீட்டில், மற்ற இருவரும் பின் ஸீட்டில். கண்ணாடியில் நான் தொங்கவிட்டிருந்த ஜெபமாலையைப் பார்த்துவிட்டு பாஸ்டர் கேட்டார்.

"நீ கிறிஸ்தவனா?"

"ஆமா சார். கன்னியாகுமரிக் கடற்கரை. பரம்பரையா."

"எப்போது இரட்சிக்கப்பட்டாய்?"

எங்கள் ஊரில் பெந்தெகொஸ்தே சபைக்காரர்கள் வாசலில் வந்து கேட்கிற அதே கேள்வி. கடல் தாண்டி வந்தும் தப்பவில்லை. "பிறந்த எட்டாம் நாளே ஞானஸ்நானம் குடுத்துட்டாங்க சார்" என்றேன்.

"அது செல்லாது. குழந்தைக்கு என்ன தெரியும்?"

பின்னாலிருந்து ஃபாதர், "செல்லும்" என்றார்.

"குழந்தையைக் கேட்காமல் அதன் தலையில் எதையும் கட்டக் கூடாது. வரியும் அப்படித்தான்" என்றார் வரி.

பாஸ்டர் வேதாகமத்தை எடுத்து வசனம் வாசிக்க ஆரம்பித்தார். ஃபாதர் இரண்டாயிரம் வருஷத் திருச்சபை என்றார். வண்டி ரவுண்டானாவைச் சுற்றி மலைப்பக்கம் திரும்புவதற்குள் பேச்சு என் ஞானஸ்நானத்திலிருந்து ஈராக் போருக்குப் போய்விட்டது. இது கர்த்தர் குறித்த போர் என்றார் பாஸ்டர். திருத்தந்தையே வேண்டாமென்ற போர் என்றார் ஃபாதர். போருக்கான காசு யாருடையது என்று வரி கேட்டார்.

"வண்டியை நிறுத்து" என்றார் ஃபாதர். நிறுத்தினேன். கதவைத் திறந்து இறங்கி, ஆலையைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார். வயதான மனுஷர், தலையில் தொப்பி இல்லை, கல் லாரிகள் போகிற ரோடு. நான் கண்ணாடியை இறக்கி அவர் கூடவே மெதுவாக ஓட்டினேன்.

"சார், ஏறுங்க சார். என் ஞானஸ்நானம் செல்லும்னே வச்சுக்கலாம்."

நின்றார். காலைத் தூக்கி வண்டியில் வைக்கப் போனார்.

"செல்லாது" என்றார் பாஸ்டர்.

மறுபடி நடந்தார். கடைசியில் ஒரு லாரி வந்து, தலைமுதல் கால்வரை வெள்ளைத் தூசியை அவர்மேல் கொட்டிவிட்டுப் போன பிறகுதான் ஏறினார். மறுநாள் காலையில் ஜெபமாலையைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அதற்காக ஃபாதர்தான் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை.

நவம்பரில் தேர்தல் முடிவு எங்களுக்குக் காலையில் வர ஆரம்பித்தது. ரமலான் மாதம். பகலில் வெளியே சாப்பிடக் கூடாது என்பதால், போர்ட்டாகேபின் ஆபீஸ் ஜன்னலில் செய்தித்தாளை ஒட்டி, உள்ளே மூவருக்கும் பகல் விருந்து ஏற்பாடு செய்தேன். அவர்கள் கட்சிச் சின்னம் யானை. டவுனில் ஒரு மலையாளி பேக்கரியில் யானைப் படம் போட்ட கேக் சொல்லியிருந்தேன். அந்தச் சேட்டன் யானையை ரசித்து வளர்ந்தவர் போலிருக்கிறது. பெட்டியைத் திறந்தால், நெற்றிப்பட்டமும் கழுத்துமணியும் மேலே முத்துக்குடையுமாக, கோயில் பூரத்துக்குப் புறப்பட்ட யானை நிற்கிறது.

பாஸ்டர் பின்வாங்கினார். "இது விக்கிரகம். நான் தொடமாட்டேன்."

"அழகாக இருக்கிறது" என்றார் ஃபாதர்.

"உங்களுக்குச் சிலை என்றால் எல்லாமே அழகுதான்."

இவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே வரி கத்தியை எடுத்து யானையின் தலையை வெட்டித் தன் தட்டில் போட்டுக்கொண்டு, "வரியைக் குறைத்தார், ஜெயித்தார். விஷயம் முடிந்தது" என்றார்.

பாஸ்டர் மேஜையில் ஓங்கித் தட்டினார். "சபை சபையாக ஜெபித்து, ஆட்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய் ஓட்டுப்போட வைத்தது நாங்கள்!"

"கருக்கலைப்பு கூடாது என்று கத்தோலிக்கர்கள் ஓட்டுப்போடாமல் நீங்கள் எங்கே ஜெயிப்பது?" என்றார் ஃபாதர்.

ஜெயித்த கட்சிக்காரர்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு தட்டை எடுத்துக்கொண்டு மூன்று அறைக்குப் போய்விட்டார்கள். தலையில்லாத யானையும் நானும் மிஞ்சினோம்.

அன்று சாயங்காலம்தான் மில்லின் முதல் ஓட்டம். கண்ட்ரோல் ரூமில் மூவரும் மூன்று பக்கம் திரும்பி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"பேரிங் ரெடியா என்று அவரைக் கேள்" என்றார் வரி என்னிடம். அவருக்கும் பாஸ்டருக்கும் நடுவில் ஒரு மேஜைதான்.

"சார், பேரிங் ரெடியா?"

"ரெடி என்று சொல். மோட்டார் ரெடியா என்றும் கேள்."

ஃபாதர் அதுவும் இல்லை. தான் சொல்லவேண்டியதைத் துண்டுத் தாளில் எழுதி என்னிடம் நீட்டினார். பிளாண்ட் மேனேஜர் எகிப்துக்காரர், நோன்பில் இருந்தார். வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்து, "யல்லா, சீக்கிரம்! நோன்பு திறக்கும் நேரம் நெருங்கிவிட்டது. இவர்களுக்கு என்ன?" என்றார்.

"தேர்தலில் ஜெயிச்சிட்டாங்க சார்."

"ஜெயித்தவர்களா இவர்கள்? அப்படியானால் தோற்றவர்கள் எப்படி இருப்பார்கள்?"

நான் ஒன்றும் திட்டம் போட்டுச் சொல்லவில்லை. மத்தியானம் டி.வி.யில் கேட்டது ஞாபகம் வந்து, பொதுவாகக் கேட்டுவைத்தேன். "சார், ஒரு மாநிலத்துல இன்னும் எண்ணி முடியலையாமே. எதிர்க்கட்சிக்காரர் தோல்வியை ஒத்துக்கலையாம். கடைசியில அவர் வந்துட்டா?"

மூன்று நாற்காலியும் ஒன்றாகத் திரும்பின.

"அவனா?" என்றார் பாஸ்டர்.

"கத்தோலிக்கன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறானே, அவனா!" என்றார் ஃபாதர்.

"என் சட்டையைக்கூட உருவிவிடுவான்!" என்றார் வரி.

அவ்வளவுதான். பாஸ்டர் நாற்காலியை வரியின் பக்கம் இழுத்துப் போட்டார். ஃபாதர் எழுதிய தாளைக் கசக்கி எறிந்துவிட்டு நடுவில் வந்து நின்றார். எதிர்க்கட்சிக்காரரை மாற்றி மாற்றித் திட்டிக்கொண்டே பேரிங் பார்த்தார்கள், மோட்டார் போட்டார்கள், கல் விட்டார்கள். சைரன் அடித்தது, தரை அதிர்ந்தது, மில் ஓடியது. மேனேஜர், "மாஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டுப் பேரீச்சம்பழத்தைத் தேடி ஓடினார். எதிர்க்கட்சிக்காரர் தோல்வியை ஒத்துக்கொண்ட செய்தி அதற்குப் பிறகுதான் வந்தது. எனக்குக் கொஞ்சம் கவலையாகிவிட்டது. வேலை இன்னும் பாக்கி இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவர்கள் ஊர் திரும்பினார்கள். துபாய் ஏர்போர்ட்டில் நான்தான் இறக்கிவிட்டேன். டிராலி எடுக்கப் போகும்போது பாஸ்டர் என் தோளில் கை போட்டு, "இரண்டு பேரும் நல்லவர்கள்தான். ஆனால் இவர்களை வைத்துக்கொண்டு கட்சி உருப்படாது" என்றார். பெட்டி இறக்கும்போது ஃபாதர் அதையே சொன்னார். வரியும் சொல்லியிருப்பார். ஆனால் அதற்குள் பெட்டி எடை கூடிவிட்டது, கூடுதலாகப் பணம் கட்டு என்று கவுண்டரில் சொல்லிவிட்டார்கள். அவர் அங்கே நின்று சத்தம் போட ஆரம்பித்திருந்தார்.