ஜன்னலை மூடிய அலமாரி

கல்யாணமாகி வந்த வீட்டில் எனக்குப் பிடித்தது படுக்கையறையின் மேற்கு ஜன்னல். காரோடு ஊரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கடல் தெரியாது. ஆனால் மத்தியானத்துக்கு மேல் அந்த ஜன்னல் வழியாகக் கடற்காற்று வரும். அங்கேதான் தையல் மெஷினைப் போட்டிருந்தேன்.

கணவருக்கு வளைகுடாவில் வேலை. போன வருஷம் போனில் ஒரு படம் அனுப்பினார். மேற்குச் சுவர் முழுக்க அடிக்கப் போகும் பிளைவுட் அலமாரி.

"அங்க ஜன்னல் உண்டுல்லா?" என்றேன்.

"ஏசி வைக்கப் போறோம். பின்ன ஜன்னல் என்னத்துக்கு?"

பாறசாலையிலிருந்து வந்த தச்சர் ஜன்னலைச் சாத்தி, அதன்மேல் அலமாரியின் முதுகுப் பலகையைத் திருகி முடுக்கினார். கதவுகளில் வெள்ளை மைக்கா பளபளத்தது. வந்த சொந்தக்காரர்கள் திறந்து திறந்து மூடிப் பார்த்தார்கள். ஜன்னல் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

பசை நெடியில் மாசக்கணக்காகக் கண் எரிந்தது. தையல் மெஷின் ஸ்டோர் ரூமுக்குப் போனது. தினமும் வீடியோ காலில், "அலமாரியக் காட்டு" என்பார் கணவர். காட்டுவேன். துணி அடுக்கியது சரியில்லை என்றால் மறுபடி அடுக்குவேன்.

மழைக்காலத்தில் ஒரு நாள் பகலில் கரண்டு போய் ஏசி நின்றது. மூச்சு முட்டி, அலமாரியைத் திறந்து சேலைகளை ஒதுக்கிப் பலகையில் காதை வைத்தேன். அந்தப் பக்கம் ஜன்னல் கதவில் மழை அடித்துக்கொண்டிருந்தது. அப்படியே நின்று அழுதேன்.

மறுநாள் தச்சரைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, இந்தப் பின்பலகைய வெட்டணும்."

"சாருகிட்ட கேட்டியளா?"

"இந்த ரூமுக்குள்ள கெடக்கியது நானாக்கும்."

அவர் பையிலிருந்து ரம்பத்தை எடுத்தார். பிறகு தட்டுகளைக் கழற்றிவிட்டு, ஜன்னல் அளவுக்குப் பலகையை அறுத்தெடுத்தார். துருப்பிடித்த கொண்டியை நீக்கி ஜன்னலை நானே திறந்தேன். காற்று வந்து தொங்கிய சேலைகளை ஆட்டியது.

அன்று வீடியோ காலில் நான் மறைக்கவில்லை. அவர் பார்த்தார்.

"கேட்டுட்டு செய்திருக்கலாம்."

"கேட்டா சம்மதிப்பியளா?"

போனை வைத்துவிட்டார். நாலு நாள் அழைப்பில்லை. ஐந்தாம் நாள் கூப்பிட்டு, எங்கள் பிள்ளையின் பரீட்சையைப் பற்றி மட்டும் பேசினார். அலமாரியைக் காட்டச் சொல்வது அதோடு நின்றது.

லீவுக்கு வந்தபோது ஏசியைப் போட்டுவிட்டு, அலமாரிக்குள் கைவிட்டு ஜன்னலைச் சாத்தினார். அவர் வெளியே போனதும் நான் திறந்தேன். திரும்பி வந்து சாத்தினார். லீவு முடியும்வரை இப்படியே நடந்தது.