சொல்லக் கூடாத பார்

கடலைக் காப்பாற்றுவது எப்படி என்று பேச ஏற்காட்டுக்கு வந்தார்கள். சத்தியமாகத்தான் சொல்கிறேன். சேலத்தில் இறங்கி எந்தப் பக்கம் போனாலும் கடலைப் பார்க்க அரை நாளாகும். ஆனால் அது சித்திரை மாதம். கடற்கரையில் உட்கார்ந்து கடலைப் பற்றிப் பேசினால் துரைமார்களுக்கு வேர்க்குமே. அதனால் ஏரிக்கு மேலே ஒரு ரிசார்ட்டில் மூன்று நாள் கூட்டம் போட்டார்கள். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து, கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள் ஆறு பேரை வேனில் ஏற்றி வந்தார்கள். அலையில் அசையாத வயிறு மலை வளைவில் புரண்டுவிட்டது. ஆறு பேரும் வாந்தியெடுத்துக்கொண்டே வந்து சேர்ந்தார்கள்.

எனக்கு அங்கே டைப்பிங் வேலை. கொட்டச்சேட்டில் எஸ்டேட் ஆபீசில் பல வருடம் தட்டியவள் நான். இப்போது மலையில் இப்படிக் கூட்டம் நடந்தால், பேசுவதைக் குறித்து ரிப்போர்ட் அடித்துத் தரக் கூப்பிடுவார்கள். காட்டைக் காப்பாற்றினார்கள், தண்ணீரைக் காப்பாற்றினார்கள். எனக்குக் கைவலிதான் மிச்சம்.

முதல் நாள் விளையாட்டு. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட அமைப்பாளர், அந்தப் பெண்களில் மூன்று பேரை மீனாகவும் மூன்று பேரைச் சுறாவாகவும் நடிக்கச் சொன்னார். கூச்சம் போவதற்காம். கல்யாண வயதில் பிள்ளை வைத்திருக்கிற பெண்கள்கூடக் கையை ஆட்டிக்கொண்டு ஹாலைச் சுற்றி வந்தார்கள். அவர்களுக்குக் கூச்சம் போயிற்றோ என்னவோ, எனக்கு வந்தது. அப்புறம் திரையில் படம் போட்டு, மக்களே முன்னின்று கடலைக் காக்க வேண்டும் என்று பாடம் எடுத்தார். கொல்லன் தெருவில் ஊசி விற்கிறானே என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

ஏனென்றால் அந்தப் பெண்கள் அதை எப்போதோ செய்துவிட்டார்கள். கடலுக்கடியில் இருக்கும் பாறைத்திட்டுக்கு அவர்கள் பேச்சில் 'பார்' என்று பெயர். பாசி அதில்தான் வளரும். வேரோடு பிடுங்கக் கூடாது, மாதத்தில் சில நாள்தான் இறங்கலாம், ஒரு பாரை மட்டும் யாரும் தொடவே கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு. அங்கிருந்துதான் மற்ற இடங்களுக்குப் பாசி மறுபடி பரவுமாம். அந்தப் பார் எங்கே இருக்கிறது என்று வெளியாரிடம் மூச்சு விடக் கூடாது என்பதும் கட்டுப்பாடு. பாசி வியாபாரிக்குத் தெரிந்தால் வெளியூர் ஆளை இறக்கி ஒரே வாரத்தில் மொட்டையடித்துவிடுவான்.

இதையெல்லாம் எழுந்து சொன்னவள் ஆறு பேரில் இளையவள். முப்பது வயதிருக்கும். அமைப்பாளர் உடனே வரைபடத்தை விரித்து ஸ்கெட்ச் பேனாவை நீட்டினார்.

"இடத்துல ஒரு புள்ளி மட்டும் வைம்மா."

"அது சொல்ற எடமில்ல சார்."

"உங்க நல்லதுக்குத்தான். மேப்ல இருந்தாத்தானே காப்பாத்த முடியும்?"

"மேப்ல இல்லாமத்தான் சார் இத்தனை நாளா காப்பாத்துறோம்."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். டீக்கு மணியடித்துவிட்டார். இடமே இல்லாத ரிப்போர்ட்டை எவன் மதிப்பான், இந்த ஜனங்களே இப்படித்தான் என்று என் காதுபட முணுமுணுத்தார்.

மறுநாள் கோடை மழை பிடித்துக்கொண்டது. அந்தப் பெண் பல் கிட்டிக்க நடுங்கினாள். சமையல்காரர்தான் முதலில் பார்த்தார்.

"ஏனுங்க, அந்தப் புள்ளைக்கு நொம்பக் குளுருதாட்ட இருக்குதுங்க. அடுப்புகிட்டக் கூட்டியாந்து உக்கார வைங்க."

கூட்டிப் போய்க் கடுங்காப்பி கொடுத்தேன். அவள் என்னை அக்கா என்றாள். நான் அவளைக் கண்ணு என்றேன். பிள்ளைகள், புருஷன், மாமியார் என்று பேச்சு நீண்டது. நடுவில் நான் கேட்டேன்.

"அந்தப் பாரு எங்க கண்ணு இருக்குது? சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான்."

அவள் சிரித்தாள். "மலையில இருக்குற உங்ககிட்ட சொன்னா என்னக்கா. தீவு முனைக்கு நேரா போயி, கரையில ஒத்தப் பனை கோயில் கோபுரத்தை மறைக்கிற எடத்துல நிக்கணும். அதுக்கு அடியிலதான்."

அன்று சாயங்காலமே அதை ரிப்போர்ட்டில் அடித்தேன். அவர்கள் ஊருக்கு எதிரே இருக்கும் தீவின் பெயரை வரைபடத்தில் பார்த்து அதையும் சேர்த்து அடித்தேன். யாரும் என்னை மிரட்டவில்லை. எங்கள் மலையில் கரடியூர்ப் பக்கம் பாறையில் தேன்கூட்டைப் பார்த்தவன் கூடப்பிறந்தவனிடம்கூடச் சொல்ல மாட்டான். இது தெரிந்து வளர்ந்தவள் நான். ஆனாலும் அந்த அட்டைக்காரனால் முடியாததை நான் முடித்தேன் என்று காட்ட வேண்டியிருந்தது. அவர் படித்துவிட்டு, "சூப்பர் மேடம்" என்றார். அதுவரைக்கும் "ஏம்மா டைப்பிஸ்ட்" என்றுதான் கூப்பிட்டிருந்தார். அந்த ஒரு மேடத்துக்கு நான் விலைபோனேன். ரிப்போர்ட் வழவழத் தாளில் அச்சாயிற்று. இணையத்திலும் போட்டார்கள்.

ஊருக்குக் கிளம்பும்போது என் நம்பரை வாங்கிப் போயிருந்தவள், ஐப்பசியில் போன் செய்தாள்.

"பாரை வழிச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்கக்கா. வெளியூர் போட்டுல வந்து. வேருகூட மிஞ்சல."

மலைக்குப் போன ஆறு பேரையும் ஊர்க்கூட்டத்தில் நிறுத்திக் கேட்டார்களாம். அங்கே எழுந்து பேசியவள் இவள்தான் என்பதால் இவள்மேல்தான் சந்தேகம். கடலில் இறங்கக் கூடாது என்று தள்ளி வைத்துவிட்டார்கள். பார் இருக்கும் இடம் தன்னால் வெளியே போகவில்லை என்று கோயிலில் சத்தியம் செய்தால் சேர்த்துக்கொள்வார்களாம்.

"உங்க ஒருத்தர்கிட்டதான்க்கா சொன்னேன். நீங்க சொல்லியிருக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் சாமி காரியம். உங்க வாயால ஒருவாட்டி சொல்லிட்டீங்கன்னா நான் தைரியமாப் போயிருவேன்."

துரைமார்களைப் பற்றி இவ்வளவு நேரம் வாய் கிழியப் பேசினேன் அல்லவா. அந்த வாய்தான் பதில் சொன்னது.

"நான் யாருகிட்டயும் சொல்லல கண்ணு."

வெள்ளிக்கிழமை அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்ச் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தாள். மறுநாள் போன் செய்து எனக்கு நன்றி சொன்னாள்.