பனிக்குப் பயந்து கவிழ்த்த குண்டான்

எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். சந்தவாசலில் இருந்துகொண்டு திருவிழாக்களுக்கு லைட் கட்டுகிறேன். ஒயரைச் செருகினால், செருகினேனா என்று மூன்று தடவை தொட்டுப் பார்ப்பேன். பயம் அப்படி.

ஒரு பொங்கலுக்கு ஜவ்வாது மலையில் வேலை கிடைத்தது. கோயிலுக்கு முன்னால் இருபதடி உயர அம்மன் உருவம், முழுக்கப் பொடி பல்புகள். கண் இமைக்கும், சூலம் சுழலும். லேப்டாப்பில் கொடுக்கும் கட்டளை ரவுட்டர் வழியாக, ஒயர் இல்லாமல், பல்புகளின் கன்ட்ரோல் பெட்டிக்குப் போகும். சிக்னல் அறுந்தால் உருவம் இருண்டுவிடும்.

என்னை அழைத்தது மகளிர் குழு நடத்தும் ஓர் அக்கா. ட்யூப்லைட்டே போதும் என்ற ஊரோடு மல்லுக்கட்டிச் சம்மதிக்க வைத்தவர். "ஆத்தா வர்ற நேரத்துல வெளிச்சம் அணைஞ்சா இந்த வருசம் சாமை வெளையாது. அந்தப் பேச்சு உன் தலையிலதான் விடியும்" என்று நாட்டாமை சொல்லியிருந்தாராம். அக்கா அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் ஒயர்களை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தேன்.

மதியம் போட்டுப் பார்த்தபோது குறையே இல்லை. பொழுது சாயப் பனி இறங்கியது. ரவுட்டர் நனைந்துவிட்டால்? சமையல் கொட்டகையில் ஓர் எவர்சில்வர் குண்டானைக் கேட்டு வாங்கி, ரவுட்டரைச் செங்கல் மேல் வைத்துக் கவிழ்த்து மூடினேன். ஒயர் நசுங்காமல் ஓரத்தில் ஒரு கல். அப்புறம்தான் மூச்சு வந்தது.

கொஞ்ச நேரத்தில் அம்மன் முகம் அணைந்தது. வந்தது. மறுபடி அணைந்தது. அடாப்டரை மாற்றினேன். பெட்டியை நிறுத்திப் போட்டேன். ஜெனரேட்டர்காரரிடம் போய் நின்றேன்.

"என் கரண்டு ஒழுங்காத்தான் போவுது. உன் பெட்டியப் போய்ப் பாருப்பா" என்றார் அவர்.

கீழ்த்தெருவில் பம்பைச் சத்தம் எழுந்தது. சாமி புறப்பட்டாயிற்று. அக்கா வேகமாக வந்தார்.

"இன்னா தம்பி, ஆத்தாவுக்குத் தூக்கம் வந்துட்டுதா?" கேலிதான். ஆனால் கை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தது.

"தெரியலக்கா. எல்லாத்தையும் மாத்திப் பாத்துட்டேன்."

"சரி வுடு. எவன் கேட்டாலும் நான் பேசிக்கறேன். அந்தக் குண்டானக் குடு, கொழம்பு ஊத்த ஏனம் பத்தல."

அவரே குனிந்து குண்டானைத் தூக்கினார். அம்மன் முகம் பளிச்சென்று வந்தது. அணையவில்லை. நான் குண்டானைப் பிடுங்கி மூடினேன், இருள். தூக்கினேன், வெளிச்சம்.

"அக்கா, நான்தான் கெடுத்தேன். ஏனத்துக்குள்ள சிக்னல் அடைஞ்சு போச்சு."

"அடப்பாவி!"

"பனி கொட்டுதே, எதப் போட்டு மூடறது?"

பக்கத்து வீட்டுக்கு ஓடியவர் கோழி கவிழ்க்கும் மூங்கில் கூடையோடு வந்தார். மேலே ஒரு பிளாஸ்டிக் தாள். "உள்ள இருக்கற கோழி கத்தறதே ஊருக்குக் கேக்குது. உன் சிக்னல் வராமப் போவுதா?"

ஊரைச் சுற்றிய சாமி பல்லக்கு கோயிலுக்குத் திரும்பியது. பல்பு அம்மன் கண் இமைத்தாள். அக்கா கும்பிட்டபடி நின்றார், நாட்டாமை பக்கம் திரும்பவே இல்லை. நாட்டாமையோ என்னருகே நின்று, "முட்டை வெச்சுதா?" என்று கூடையைக் காட்டிக் கேட்டுவிட்டுப் போனார்.

"ஆத்தா உள்ள போய்ட்டா. கூடை மேலேருந்து கைய எடு தம்பி, சாப்புட வா" என்றார் அக்கா.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கேன்க்கா."

அவர் வற்புறுத்தவில்லை. இலையில் சோறும் குழம்பும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை கூடைமேல் தன் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.